படிக்கட்டைப் பெருக்கியது யார்?

"துடைப்பத்தைக் கீழ வைங்க, ஹெர் பீட்டர்சன்."

"வச்சுட்டா மிச்சப் படியை யாரு பெருக்கறது?"

"யாரோட வாரமோ அவங்க. பலகை எந்த ஆணியில தொங்குதுன்னு பாத்தீங்களா? இடது ஆணி. உங்களுது வலது. உங்க வாரம் அடுத்த வாரம்."

"அது தூசிக்குத் தெரியல, ஃப்ராவ் ஹேஃப்னர்."

இரண்டாம் மாடி மார்கிட் ஹேஃப்னருக்கு இந்த மாதிரிப் பதில்கள் ஆகாது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் எழுப்பிய குரல் கீழே சைக்கிள் நிறுத்தும் இடம்வரை போய், அங்கே இருந்தவர்களை மேலே வரவழைத்தது. வந்தவர்கள் எல்லாரும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். சனிக்கிழமை ஒன்பது மணிக்குத் தபால் வராது என்பது வேறு விஷயம்.

ஜெர்மனியின் தெற்கே நெக்கர் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில், ஐயா, அம்மா என்பதுபோல் ஹெர், ஃப்ராவ் போட்டுத்தான் சண்டையும் நடக்கும். இங்கே படிக்கட்டு வாரம் என்பது விளையாட்டில்லை. அழைப்பு மணியில் எத்தனை பெயர் உண்டோ அத்தனை வாரம், ஒரு சுற்று. யார் முறையோ அவர் கதவில் பலகை தொங்கும். தொங்கினால் பெருக்க வேண்டும், துடைக்க வேண்டும், கைப்பிடியை ஈரத் துணியால் உருவ வேண்டும். கல்யாணம், பிரசவம் எதுவும் சாக்கில்லை. இன்னொருவர் வாரத்தில் பெருக்குவது மட்டும் யாரும் செய்யாத காரியம். அப்படிச் செய்வதென்றால், ஒன்று அவரை அவமானப்படுத்தும் எண்ணம் இருக்க வேண்டும், அல்லது அவர் நமக்கு ரொம்ப வேண்டியவராக இருக்க வேண்டும்.

ஊவே பீட்டர்சன் வடக்கே கடலோரத்திலிருந்து வந்தவர். அறுபத்தொரு வயது, நகரப் பேருந்து ஓட்டுநர். மூன்றாம் மாடியில் ரோஸ்விதா கீன்ஸ்லேயின் வீட்டில் பின்னறையை உள்வாடகைக்கு எடுத்து மூன்று வருடமாக இருக்கிறார். மணியில் அவர் பெயர் தனி என்பதால் அந்த ஒரே கதவில் இரண்டு ஆணி.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள் மார்கிட். "அவங்க வாரத்தை நீங்க பெருக்கறீங்கன்னா, நீங்க அவங்களுக்கு யாரு?"

கதவுக்கு அந்தப் பக்கம் ரோஸ்விதா, உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை முழங்காலில் வைத்துக் கட்டியபடி நின்றிருந்தாள். முழங்கால் வீங்கி நான்கு நாள் ஆயிற்று. அவள் பெருக்கச் சொல்லவில்லை, அவராகத்தான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார். இப்போது வெளியே பதிலுக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். அவளும்தான் காத்திருந்தாள்.

ஊவே யோசித்தார். தேவைக்கு மேல் கொஞ்சம் அதிகமாகவே யோசித்தார். பிறகு, "வாடகைக்கு இருக்கிறவன்" என்று சொல்லிவிட்டு மிச்சம் இருந்த ஆறு படியையும் பெருக்கி முடித்தார்.

வேறு எந்த மாதமாக இருந்தாலும் இது இரண்டு வாரம் பேசப்பட்டு மறந்துபோயிருக்கும். ஆனால் அதற்குப் பதினைந்து நாள் முன்புதான் ரோஸ்விதா யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்திருந்தாள்.

வீட்டுக்காரர் கட்டடத்துக்குப் புதுச் சூடேற்றி வைத்தார், ஜன்னல் மாற்றினார், வாடகையை மாதம் நூற்றிப்பத்து யூரோ ஏற்றினார். ரோஸ்விதா முப்பத்தொரு வருடம் சலவைக்கூடத்தில் ஓட்டல் மேசைவிரிப்புகளை இஸ்திரி போட்டவள். அதற்கு வருகிற ஓய்வூதியம் இஸ்திரி போட்ட மாதிரியே தட்டையாக இருக்கும். கணவர் போய் ஒன்பது வருடம். பின்னறை வாடகையைச் சேர்த்தாலும் துண்டு விழுந்தது. வீட்டை விட்டால் இந்த ஊரில் வேறு வீடு கிடையாது. முப்பது கிலோமீட்டர் தள்ளி, பேர் தெரியாத ஊரில் போய்க் கிடக்க வேண்டியதுதான். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கப்போனபோது பக்கத்தில் நின்ற யாரோ யாரிடமோ, அரசாங்கமே வாடகைக்கு உதவுகிறது என்று சொன்னது காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் யோசித்தாள்.

ரொட்டிக்கடையில் ஒருநாள்கூடக் கடன் சொல்லாதவள் அவள். பத்து சென்ட் அதிகம் கொடுத்துவிட்டார்கள் என்று மழையில் திரும்பிப் போனவள். சந்தை நாளில் போனால் ஊரே பார்க்கும் என்று சந்தையில்லாத செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து, நகர மன்றத்துக்குப் பின்சந்து வழியாகப் போனாள்.

வாடகை உதவிப் பிரிவின் காத்திருக்கும் கூடத்துக்கு மூன்று சுவர்தான். நான்காவது, சதுக்கத்தைப் பார்த்த முழுக் கண்ணாடி. நாற்காலிகளை வெளியே பார்த்த மாதிரி போட்டிருந்தார்கள், வெளிச்சம் நல்லது என்று. சுவரில் பெரிய சுவரொட்டி: உதவி கேட்பதில் வெட்கமில்லை. ரோஸ்விதா அதன் அடியில் உட்கார்ந்து தேவாலயப் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். அரைமணி கழித்து ஒலிபெருக்கி, சதுக்கத்தில் புறா பறக்கிற அளவுக்கு, "ஃப்ராவ் கீன்ஸ்லே, ரோஸ்விதா, வாடகை உதவி, மூன்றாம் எண் அறை" என்றது. எண் கொடுத்துக் கூப்பிட்டால் மனிதர்களை எண்ணாக நடத்துகிறார்கள் என்று முன்பு ஒரு புகார் வந்ததாம். அதற்கப்புறம் பெயர்தான்.

விண்ணப்பம் பதினெட்டுப் பக்கம். வீட்டில் எத்தனை பேர் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினாள். அந்த ஒன்றுதான் வினையாயிற்று. மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தங்கள் முகவரியில் இன்னொரு நபர் பதிவாகியிருப்பதால், தங்களுக்கும் அவருக்கும் இடையே பரஸ்பரத் துணைநிற்பு நிலவக்கூடும் என்ற ஐயம் எழுந்துள்ளது. ஐயம் நீங்கும்வரை விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது.

நேரில் போய் விளக்கம் கேட்டாள். பிரிவுத் தலைவர் டாக்டர் ஷ்டேப்லர், மருந்து எழுதும் டாக்டர் இல்லை, சட்டத்தில் பட்டம் வாங்கியவர், பொறுமையாகச் சொன்னார். இரண்டு பேர் ஒரே கூரையின் கீழ் ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக இருந்தால் அது குடும்பம். குடும்பம் என்றால் அவர் சம்பளமும் கணக்கில் வரும், உதவி கிடையாது. ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளாமல் இருந்தால்தான் தனி ஆள். தனி ஆளுக்குத்தான் உதவி.

"எங்க அலுவலகம் அன்புக்கு எதிரி இல்ல, ஃப்ராவ் கீன்ஸ்லே. தயவுசெஞ்சு அப்படி நினைக்காதீங்க. மனுசங்க ஒருத்தருக்கொருத்தர் உதவியா இருக்கணும்னுதான் நாங்களும் விரும்பறோம். ஆனா அப்படி இருக்கிறவங்களுக்கு நாங்க பணம் குடுக்கறது இல்ல."

பிறகு முப்பத்திரண்டு கேள்வி கேட்டார்கள். முட்டையை யார் வேகவைப்பது, குப்பையை யார் இறக்குவது, சட்டையில் பொத்தான் போனால் யார் தைப்பது. நீ போட்டுப் பேசிக்கொள்கிறீர்களா, நீங்க போட்டா என்றார்கள். நீங்க என்றாள் ரோஸ்விதா, அது உண்மை, மூன்று வருடமாக ஒருமுறைகூட மாறியதில்லை. அதிகாரி ஒரு புள்ளி சேர்த்துக்கொண்டார். உப்பு யாருடையது என்று கேட்டபோதுதான் அவள் மாட்டிக்கொண்டாள். அடுப்புக்குப் பக்கத்தில் நீலக் கிண்ணத்தில் உப்பு இருக்கும். அது யாருடையது என்று அவள் யோசித்ததே இல்லை.

"ரெண்டு உப்பு இருக்கு" என்றாள்.

அரசாங்க மேசை முன்னால் அவள் சொன்ன முதல் பொய் அது. வீடு திரும்பும் வழியில் கடையில் ஒரு பாக்கெட் உப்பு வாங்கினாள். காசு கொடுக்கும்போது முகம் சூடாக இருந்தது, என்னமோ திருடிய மாதிரி.

ஊவேயிடம் சொல்லாமல் முடியாது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டேகாலுக்குத் தொலைக்காட்சியில் துப்பறியும் தொடர் வரும். இருவரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்கள், நடுவில் ஒரு தட்டு ஆப்பிள் கேக். கொலைகாரன் யார் என்று ஊவே பத்தாவது நிமிடத்தில் சொல்லிவிடுவார், எப்போதும் தப்பாக. அன்று அவள் பிணம் கிடைத்ததுமே பேச்சை ஆரம்பித்தாள். வாடகை, விண்ணப்பம், ஐயம், உப்பு எல்லாவற்றையும் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். உதவி என்ற சொல்லை மட்டும் சொல்ல முடியவில்லை, அது என்றே சொல்லி முடித்தாள். தான் வாடகை கூட்டித் தருகிறேன் என்றார் ஊவே. அதுதான் துணைநிற்பு, அதைச் செய்யவே கூடாது என்றாள் அவள். அவர் எழுந்துபோய், புது உப்புப் பாக்கெட்டில் பீட்டர்சன் என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்.

ஆய்வாளர் க்னாப் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். ஒல்லி ஆள், ஐம்பத்தைந்து இருக்கும், கையில் அளவுநாடா. குளியலறையில் இரண்டு பல்துலக்கிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தார். நாற்பத்தொரு சென்டிமீட்டர், திருப்தி. குளிர்பெட்டியில் மேல்தட்டு அவளுடையது, கீழ்த்தட்டு அவருடையது. நடுத்தட்டில் ஊறுகாய் வெள்ளரி ஜாடி ஒன்று தனியாக நின்றது. இது யார் எல்லையில் இருக்கிறது என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் இன்னொருவருடையது என்றார்கள். க்னாப், உரிமை கோரப்படாத ஜாடி ஒன்று, என்று எழுதிக்கொண்டார்.

தொலைக்காட்சி அறையில்தான் சிக்கல். இரண்டு நாற்காலிக்கும் நடுவே ஒரு கை எட்டாத தூரம் இருக்க வேண்டுமாம். எவர் கை என்று விதியில் இல்லை. க்னாப் உட்கார்ந்து தன் கையை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. முறைப்படி ஊவேயையும் நீட்டச் சொன்னார். வடக்கத்திக்காரருக்கு நீளக் கை. விரல் நுனி ரோஸ்விதா நாற்காலியின் மெத்தையைத் தொட்டது. மூன்று பேரும் அந்த விரலையே பார்த்தார்கள். ரோஸ்விதா மணமாகி வந்த நாளில்கூட இவ்வளவு கூசியதில்லை.

"கையை மடக்கிக்கலாம்" என்றார் க்னாப். "மெத்தை புடைச்சிருக்கு. ரெண்டு சென்டிமீட்டர் கழிச்சுக்கறேன்."

நல்ல மனிதர்தான். அவரை அனுப்பிவிட்டால் போதும் என்று ரோஸ்விதா கதவைத் திறந்தாள். மாடிப்படியில் மார்கிட் ஹேஃப்னர், தபால் பெட்டிச் சாவியோடு நின்றுகொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தாரை விசாரிப்பது க்னாபின் கடமை. மார்கிட்டுக்கு விசாரிக்கப்படுவது பிறவிப் பயன். ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டாள். அந்தக் காபியில்தான் படிக்கட்டு வெளியே வந்தது.

க்னாப் மறுபடி மூன்றாம் மாடி ஏறி வந்தபோது முகம் மாறியிருந்தது. அவரும் இந்த ஊர்க்காரர்.

"ஊறுகாய் ஜாடியை விட்டுடலாம், ஃப்ராவ் கீன்ஸ்லே. மெத்தையை விட்டுடலாம். ஆனா இது... இன்னொருத்தர் வாரத்துல. கைப்பிடி உட்பட." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் மனைவி என்கூட இருபத்திரண்டு வருசம் இருந்தா. அவ வாரத்துல நான் ஒருநாள் துடைப்பத்தைத் தொட்டதில்ல. காய்ச்சல்ல கிடந்தப்பகூட. நாங்க குடும்பம்தான்னு யாருக்கும் சந்தேகம் வரல, அவ என்னை விட்டுட்டுப் போறவரைக்கும்."

கோப்பு விசாரணைக் குழுவுக்குப் போயிற்று. மார்கிட்டின் வாக்குமூலம் முழுமையாக இல்லை என்று க்னாப் நான்கு தடவை திரும்பி வந்து அவள் வீட்டில் எழுதிக்கொண்டு போனார். நான்காவது தடவை பூவோடு வந்தார். அரசாங்கம் வாக்குமூலத்துக்குப் பூ கொடுப்பதாக அதுவரை நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

விசாரணை டிசம்பர் முதல் வாரம். இருவரும் தனித்தனியாகப் புறப்பட்டுப் போய், வாசலில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி குட்மார்னிங் சொல்லிக்கொண்டார்கள். உள்ளே நீள மேசை, அதற்குப் பின்னால் டாக்டர் ஷ்டேப்லர், பக்கத்தில் க்னாப், ஓரத்தில் தட்டச்சு செய்ய ஒரு பெண். முதலில் அறியாமைத் தேர்வு என்றார்கள். ஒருவரைப் பற்றி இன்னொருவருக்கு என்ன தெரியும் என்று பத்துக் கேள்வி. நாலுக்கு மேல் தெரிந்தால் குடும்பம், நாலும் அதற்குக் கீழும் அக்கம்பக்கம்.

"இது அறிவியல்பூர்வமான தேர்வு" என்றார் ஷ்டேப்லர். "நடைமுறைக்குக் கொண்டுவர்றதுக்கு முன்னாடி நாங்களே எங்க மேல வச்சுப் பாத்தோம். எனக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருசம். என் மனைவிக்கு மூணு, எனக்கு ரெண்டு. அந்தளவுக்குக் கறாரானது. அப்புறம் ஒரு விஷயம், ரெண்டு பேரையும் தனித்தனியா விசாரிக்கிற வழக்கம் எங்ககிட்ட இல்ல. ஒளிவுமறைவு கூடாதுங்கறது எங்க கொள்கை. ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் சொல்லணும்."

ரோஸ்விதாவிடம் கேட்டார்கள். அவருக்கு எந்தக் காது மந்தம்? இடது காது, முப்பத்தொரு வருடம் ஓட்டுநர் ஜன்னல் காற்று பட்ட காது. அதனால்தான் அவள் எப்போதும் அவருக்கு வலது பக்கம் உட்காருகிறாள். தெரியாது என்றாள். காபியில் எத்தனை சர்க்கரை? ஒன்றரை, அந்த அரையை அவள்தான் உடைத்துப் போடுவாள். தெரியாது. அவருடைய தங்கை பேர்? ஆன்யே. கிறிஸ்துமஸுக்கு உலர்ந்த மீன் அனுப்புவாள், வீடு பூரா நாறும். தெரியாது. எதற்குப் பயப்படுவார்? பல் டாக்டருக்கு. தெரியாது. எதுவுமே தெரியாமல் இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்று பிறந்தநாளையும் ஊரையும் மட்டும் சொன்னாள். மற்ற எட்டுக்கும் தெரியாதுதான். ஊவே மடியிலிருந்த ஓட்டுநர் தொப்பியை ஒரு சுற்று சுற்றி வைத்தார்.

பத்து முடிந்ததும் ஷ்டேப்லர் கண்ணாடியைக் கழற்றினார். இனிமேல் கேட்பது தேர்வில் சேராது, மனித நேயத்தின் அடிப்படையில் கேட்பது என்றார்.

"ஹெர் பீட்டர்சன் படிக்கட்டுல மயங்கி விழுந்துட்டார்னு வைங்க. என்ன செய்வீங்க?"

"ஆம்புலன்ஸ் கூப்பிடுவேன்."

"சரி. அது எவருக்கும் செய்யறது. அந்த வண்டில நீங்களும் ஏறிப் போவீங்களா?"

அந்த வருடம் ஜனவரியில் ஊவேக்குச் சிறுநீரகக் கல் வந்தது. காலையில் காபி கோப்பையோடு தரையில் சுருண்டுவிட்டார். அவள் வீட்டுச் செருப்போடு வண்டியில் ஏறினாள், அந்தச் செருப்போடேயே இரண்டு நாள் ஆஸ்பத்திரி நடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் வந்து நீங்க அவருக்கு யாரு என்று கேட்டபோது, கூட இருக்கிறவ என்றாள். அது அறைக்குள் படுத்திருந்தவருக்கும் கேட்டிருக்கும். வலது காது கதவுப் பக்கம்தான் இருந்தது.

"போக மாட்டேன்" என்றாள் ரோஸ்விதா.

"ஏன்?"

"அவரு எனக்கு யாரும் இல்ல."

தட்டச்சுப் பெண் கையைத் தூக்கினாள். காகிதம் மாட்டிக்கொண்டதாம். ஷ்டேப்லர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அந்தக் கடைசி வாக்கியம் கோப்புக்கு ரொம்ப முக்கியம், மறுபடி ஒரு தடவை, கொஞ்சம் மெதுவாகச் சொல்ல முடியுமா என்றார். அவள் மெதுவாகச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லுக்கும் தட்டச்சு சத்தம் கேட்டது. மேசைக்கு அடியில் தன் கால்களைப் பார்த்தாள். நல்ல செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

அடுத்து ஊவே. படிக்கட்டைப் பெருக்கியது யார் என்று க்னாப் கேட்டார். நான்தான் என்றார். இன்னொருவர் வாரம் என்று தெரிந்தே பெருக்கினீர்களா என்றார்.

"தெரியாது" என்றார் ஊவே. "வாரம் மாறிப்போச்சு. பலகையைச் சரியாப் பாக்கல. நான் கொஞ்சம் அப்படித்தான், ஞாபகம் நிக்காது."

முப்பத்தொரு வருடத்தில் ஒரு நிறுத்தத்துக்கும் ஒரு நிமிடம் முன்போ பின்போ போகாத ஆள் அவர். அவர் பேருந்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்துகிறவர்கள் எங்கள் தெருவில் மூன்று பேர் இருக்கிறார்கள். க்னாபுக்கும் அது தெரியும். ஆனால் அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. ஷ்டேப்லரும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தட்டச்சுப் பெண்ணுக்கு வாக்கியத்தை அவரே சொன்னார்: படிக்கட்டு பெருக்கப்பட்டது கவனக்குறைவால், அன்பால் அல்ல.

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஊவேயிடம் பேனா இல்லை. ரோஸ்விதா தன்னுடையதை நீட்டப்போனாள், பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். க்னாப் ஒன்று கொடுத்தார்.

வெளியே பேருந்து நின்றுகொண்டிருந்தது. ஒரே வண்டியில் ஏறினால் அலுவலகக் கண்ணாடியில் தெரியும். நீங்க போங்க என்றார் ஊவே. இல்லை, நீங்க போங்க என்றாள் அவள். அவர் ஏறிப்போனார். அடுத்த வண்டிக்கு இருபது நிமிடம். அவள் குளிரில் நின்றாள். நிற்பது நல்லதாகத்தான் இருந்தது.

உதவி ஜனவரியில் வந்தது. அதற்கு முன்னால், விசாரணை முடிவின் நகல் போயிருந்த வீட்டுக்காரரிடமிருந்து ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்து, கீழே அறிவிப்புப் பலகையில் குத்தப்பட்டது: படிக்கட்டு வாரத்தைக் கவனிக்காமல் பெருக்கியதற்காக ஹெர் பீட்டர்சன் கண்டிக்கப்படுகிறார், இனி இப்படி நடக்கக் கூடாது. வந்துபோகிறவர்கள் எல்லாரும் படித்தார்கள். ஊவேயும் ஒருநாள் நின்று படித்தார். ரோஸ்விதா மூன்றாம் மாடி ஏறுவதற்கு முன் அதைக் கிழித்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை கையைக் கொண்டுபோனாள். கிழித்தால் ஏன் கிழித்தாள் என்று கேட்பார்கள். கிழிக்கவில்லை.

உதவிக் கடிதத்தின் கீழே ஒரு நிபந்தனை இருந்தது. அந்நிய நிலை ஆண்டு முழுவதும் பேணப்பட வேண்டும், அறிவிப்பின்றிச் சோதனை வரும். ரோஸ்விதா தன் நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டாள். ஊவே சொல்லாமலேயே புரிந்துகொண்டார். அடுத்த ஞாயிறு ஒரு சின்னத் தொலைக்காட்சி வாங்கிவந்து தன் அறையில் வைத்துக்கொண்டார். எட்டேகாலுக்கு இந்தப் பக்கம் தொடர் ஓடும், சுவருக்கு அந்தப் பக்கம் அதே தொடர் அரை நொடி பின்தங்கி ஓடும். பத்தாவது நிமிடத்தில் யாரும் எதுவும் சொல்வதில்லை. கேக்கை அவள் பாதி அளவுக்குச் செய்யப் பார்த்தாள், சரியாக வரவில்லை, விட்டுவிட்டாள்.

அவர் கோபமாக இருந்தாரா என்று நீங்கள் கேட்டால், இல்லை. அதுதான் கஷ்டம். கோபமாக இருந்தால் சமாதானம் சொல்லலாம். அவர் சமையலறைக்கு வந்தால் அவள் வெளியே போகும்வரை கதவருகே மரியாதையாக நிற்பார். ஒருநாள் அவள், அன்னிக்கு அந்த ஆபீசுல, என்று ஆரம்பித்தாள். சரியாத்தான் சொன்னீங்க, ஃப்ராவ் கீன்ஸ்லே, வேற எப்படிச் சொல்ல முடியும், என்று சொல்லிவிட்டுத் தன் உப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் கடைசியில், ஓய்வுபெற இன்னும் காலம் இருந்தும், வேலையை விட்டுவிட்டுத் தங்கை ஊருக்கே போனார். ஃப்ளென்ஸ்பூர்க், இங்கிருந்து ஒரு பகல் முழுக்க ரயில். சாமான் இரண்டு பெட்டியும் ஒரு தொலைக்காட்சியும்தான். கைகுலுக்கினார்கள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அவளும் இன்னொரு பெட்டியை எடுத்து உதவலாம் என்று நினைத்தாள். மார்கிட் வீட்டுக் கதவு திறந்திருந்தது, உள்ளே க்னாபின் கோட் மாட்டியிருந்தது. அவள் மேலேயே நின்றுவிட்டாள்.

ஏப்ரலில் ஷ்டேப்லர் கையெழுத்தோடு கடிதம் வந்தது. உள்வாடகைதாரர் வெளியேறியதைத் தொடர்ந்து, தங்கள் தனிமை ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகியிருக்கிறது. உதவித் தொகை உயர்த்தப்படுகிறது. தங்கள் ஒத்துழைப்புக்குப் பாராட்டுகள். ரோஸ்விதா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மேசை இழுப்பறையில், கணவரின் இறப்புச் சான்றிதழுக்கு மேலே வைத்தாள்.

மார்கிட்டும் க்னாபும் ஜூன் மாதம் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். நகர மன்றத்தில் பதிவு, பிறகு ஆற்றோர உணவகத்தில் விருந்து, கட்டடத்தில் உள்ள அத்தனை பேருக்கும் அழைப்பு. ரோஸ்விதா போகாமல் இருக்கத்தான் நினைத்தாள், போகாவிட்டால் அதையும் பேசுவார்கள் என்று போனாள். இரண்டு கோப்பை ஒயினுக்குப் பிறகு மாப்பிள்ளை எழுந்து, தங்கள் காதல் ஒரு படிக்கட்டில் ஆரம்பித்தது என்று ஊறுகாய் ஜாடி, மெத்தை, நீளக் கை எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். பேர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. சிரிப்பு அடங்கவே இல்லை. ரோஸ்விதாவும் சிரித்தாள், கடைசியாக நிறுத்தியவள் அவள்தான்.

மேசை மேசையாக வந்த க்னாப் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் சிவந்து நல்ல மனநிலையில் இருந்தார்.

"கோப்பு மூடியாச்சு, ஃப்ராவ் கீன்ஸ்லே. அவரும் ஊருக்குப் போயாச்சு. சும்மா சொல்லுங்க, என்னமோ இருந்துச்சுதானே?"

அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"அவருக்குக் கல் வந்தப்ப நான் வண்டில ஏறிப் போனேன். ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்தேன். வீட்டுச் செருப்போட. அதைச் சொல்லாம விட்டுட்டேன். எழுதிக்குங்க."

க்னாபின் கை பழக்கத்தில் கோட்டின் உள்பைக்குப் போயிற்று. மார்கிட் பின்னாலிருந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள். இன்னிக்குமா என்றாள். க்னாப் சங்கடமாகச் சிரித்து, தான் எதையும் கேட்கவில்லை என்றும், இவ்வளவு நாள் கழித்துக் கோப்பைத் திறந்தால் எல்லாருக்கும்தான் தொல்லை என்றும், கவலைப்படாமல் கேக் சாப்பிடும்படியும் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

புது மாப்பிள்ளையும் பெண்ணும் அந்த இலையுதிர் காலத்தில் கொன்ஸ்டான்ஸ் ஏரிப் பக்கம் குடிபோனார்கள், அங்கே வாடகை இன்னும் அதிகம். ஷ்டேப்லர் பதவி உயர்வில் மாநிலத் தலைநகருக்குப் போனார், தேர்வையும் கூடவே எடுத்துக்கொண்டு. ரோஸ்விதா எங்கும் போகவில்லை. உதவி மாதா மாதம் முதல் தேதிக்கே வந்துவிடுகிறது. க்னாப் அன்று அந்த ஆஸ்பத்திரி விஷயத்தை எழுதிக்கொண்டு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்கு இன்னும் இருக்கிறது.